மூன்று லிட்டர் வித்தியாசம்

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

நான் நலம், கார் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று முறைப்படி கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மொத்தம் நாலு வரி. 'இருபத்தெட்டாம் தேதி காரை எடுத்துக்கிட்டு வா. பின் சீட்டைக் கழட்டிடு. நல்ல கயிறா கொண்டு வா. மத்தது நேர்ல.' எட்டு தடவை படித்துவிட்டேன். நான் பழுது பார்க்கும் லிஃப்டுக்குக் கம்பெனிக்காரன் கொடுக்கும் கையேடுகூட இதைவிட விளக்கமாக இருக்கும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனி எழுதிப் பேசுவோம் என்று சொன்னது நீதான். எழுதுகிற ஆள் இன்னும் ரெண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்?

நேராகவே கேட்கிறேன். பின் சீட்டைக் கழற்றினால் சாமான் ஏற்றப் போகிறோம் என்று அர்த்தம். அது எந்தப் பக்கத்துச் சாமான்? பதினோரு மாத வேலை முடிந்து நீ அங்கிருந்து மூட்டை கட்டுகிறாயா, இல்லை இங்கே கிடக்கும் உன் பொருள்களை நான் அங்கே கொண்டுவந்து இறக்க வேண்டுமா? உங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் உன்னை அங்கேயே நிரந்தரமாக்கும் பேச்சு இருக்கிறது என்று போன மாதம் நீயே எழுதியிருந்தாய். அதற்கு அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது தெரியாமல் நான் பெட்ரோல் கணக்குப் போட முடியாது. ரோடுகூட முடிவு செய்ய முடியவில்லை.

ரோடு விஷயம் இது. பழைய மலை ரோடு அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், கடைசி எழுபது முழுக்க ஏற்றம், இருபத்து மூன்று வளைவு. புது நெடுஞ்சாலை மலையைச் சுற்றிப் பின்பக்கமாக மெதுவாக ஏறுகிறது, எழுநூற்றுப் பன்னிரண்டு. நான் தனி ஆள் என்றால் பழைய ரோடே போதும். ஆனால் கல்யாணமான வருஷம் அந்த வழியில் போனபோது பதினாலாவது வளைவில் நீ வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாய். முகம் கழுவிவிட்டு, 'இதையும் கணக்குல எழுதிக்கோ'ன்னு சிரித்தாய். அதனால் நீ வண்டியில் இருந்தால் புது ரோடு, இல்லாவிட்டால் பழைய ரோடு. பார், ரோடும் அதே கேள்வியில் வந்து நிற்கிறது.

சரி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டேன். உன் பொருள்களின் எடை தெரிய வேண்டுமே. குளியலறையில் இருக்கும் எடை மெஷினை ஹாலுக்கு இழுத்துவந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, என் எடையைக் கழித்தேன். தையல் மெஷின் முப்பத்தொன்று. புத்தகப் பெட்டி ரெண்டும் சேர்ந்து நாற்பத்து நாலு. துணி, செருப்பு, ஃபேன், பெட்டி எல்லாம் சேர்த்து உன்னுடையது நூற்று நாற்பத்தெட்டு கிலோ. என்னுடையது எவ்வளவு என்று பார்க்கவில்லை, அவசியம் இல்லை. ஆனால் யாருடையது என்று தெரியாத சாமான் கொஞ்சம் மிஞ்சியது. அந்தப் பச்சைப் போர்வை யாருடையது? சுவர்க்கடிகாரம்? காசு நான் கொடுத்தேன், தேர்ந்தெடுத்தது நீ. கைப்பிடி உடைந்த டீ வடிகட்டி உங்கள் வீட்டிலிருந்து வந்தது, ஆனால் நான்தான் அதற்குக் கம்பி சுற்றினேன். இப்படி அறுபத்தொரு கிலோ. ஹால் நடுவே மூன்று குவியல். இரண்டு நாள் அதைச் சுற்றித்தான் நடந்தேன்.

முடிவு இதுதான். காலியாக வந்து, உன்னையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு புது ரோட்டில் திரும்பினால் எழுபத்தொன்பதரை லிட்டர். இங்கிருந்து சாமானோடு மலை ஏறி, இறக்கிவிட்டு, தனியாகப் பழைய ரோட்டில் திரும்பினால் எழுபத்தாறரை. வித்தியாசம் மூன்று லிட்டர். நீ வருவதற்கும் வராததற்கும் நடுவே மூன்றே லிட்டர், ரெண்டு சினிமா டிக்கெட் காசு. எங்கோ தப்பு என்று மறுபடி போட்டேன். டயர் காற்று, ஏசி, டோல் கேட்டில் நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்து மூன்றாம் தடவையும் போட்டேன். அதே மூன்று. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்ப முடியவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

உன் தம்பியிடம் விசாரிக்கலாம் என்று போன் போட்டேன். 'மாமா, எனக்கு ஒண்ணும் தெரியாது, அக்கா ஒரு பெரிய அலமாரி வாங்கியிருக்கு, அவ்ளோதான் தெரியும்' என்றான். குழப்பம் தீரும் என்று பார்த்தால் ரெட்டிப்பானது. ஊரை விட்டுக் கிளம்புகிறவள் அலமாரி வாங்குவாளா? அங்கேயே இருக்கப்போகிறவள்தான் வாங்குவாள். ஆனால் அது அங்கேயே நிற்கப்போகிற அலமாரி என்றால் கயிறு எதற்கு? பின் சீட்டை ஏன் கழற்ற வேண்டும்? 'எத்தனை கதவுடா அதுக்கு?'ன்னு கேட்டேன். 'ஏன் மாமா, நீங்க உள்ள போய் உக்காரப் போறீங்களா?' என்கிறான். உன் தம்பிதானே.

என் அக்காவிடமும் சொன்னேன். 'ஏண்டா, பொண்டாட்டி வான்னு கூப்பிட்டிருக்கா, கிளம்புறதை விட்டுட்டு லிட்டர் எண்ணிக்கிட்டிருக்கே' என்று திட்டினாள். அப்படியே பழைய கதையையும் எடுத்தாள். அந்த வேலை வந்தபோது நீ என்னிடம் 'போகவா?' என்று கேட்டாய். நான் ஒரு தாளில் சம்பளம், வாடகை, போக்குவரத்து எல்லாம் எழுதிக் கூட்டிக் கழித்து, 'போ, நஷ்டம் இல்லை' என்றேன். நீ பெட்டியை மூடிக்கொண்டே, 'நான் கேட்டது வேற, நீ சொன்னது வேற' என்றாய். இந்தப் பதினோரு மாதமும் அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் இருக்க முடியும் என்று யோசித்திருக்கிறேன். 'போகாதேன்னு நீ சொல்லணும்னு கேட்டிருக்காடா, மரமண்டை' என்றாள் அக்கா. அப்படியென்றால் போகாதே என்று சொல் என்றே கேட்டிருக்கலாமே என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். நீ 'தாடி' என்று பேர் வைத்தாயே, அவர்தான். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, இடம் பத்தாது என்று முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டையும் தள்ளப் போனார். அது நீ முன்னால் இழுத்து வைத்த அளவிலேயே இருக்கிறது. வேறு யாரும் அதில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். அதைத் தொடாதீங்க என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். 'அதுல யாரு சார் வரப்போறா?' என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். மீதிச் சில்லறை வாங்கவில்லை, இனி கேட்டாலும் தரமாட்டார்.

நேற்று ஓர் ஆறு மாடி ஆபீஸில் லிஃப்ட் வேலை. காலிக் கூண்டைக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, 'காலியாத்தானே சார் இறங்குது, மோட்டார் ஏன் இப்படி முக்குது?' என்றார். கூண்டுக்கு மறுமுனையில் ஓர் எடை தொங்குகிறது, அது காலிக் கூண்டைவிடக் கனம், அதனால் பாதி ஆள் நிறைந்த கூண்டைத்தான் மோட்டார் சுலபமாக இழுக்கும், வெறும் கூண்டை இறக்குவதுதான் கஷ்டம் என்று விளக்கினேன். பத்து வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற பாடம். சொல்லி முடித்ததும் அந்த எழுபத்தாறரை லிட்டர் ஞாபகம் வந்தது. அதில் பாதி வழி, அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமல். அதற்கு நான் போட்டிருந்த எண் மிகக் குறைவு. எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. மதியம் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். நீ பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, இருபத்தேழாம் தேதி விடியற்காலை கிளம்புகிறேன். கயிறு இருபது மீட்டர், லிஃப்டுக்குப் போடும் ரகம், உன் அலமாரியையும் உன் தம்பியையும் சேர்த்துத் தொங்கவிட்டாலும் அறாது. அலமாரியைச் சுற்ற அந்தப் பச்சைப் போர்வையை எடுத்து வருகிறேன். ஆனால் உன் நூற்று நாற்பத்தெட்டு கிலோவில் ஒரு கிலோகூட ஏற்றப் போவதில்லை. நேற்று ராத்திரியே எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொள். கோபத்தில் சொல்லவில்லை. வண்டி காலியாகத்தான் அங்கே வரும்.

இன்னொன்று. படுக்கையறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் என் உதிரிப்பாகப் பெட்டிகள் இருந்தனவே, 'ஒரு தட்டுக்கு மேல எனக்கு இந்த வீட்டுல இடமே இல்ல'ன்னு நீ மூன்று வருஷமாகச் சண்டை போட்டாயே, அந்த இடம். பெட்டிகளைப் பால்கனிக்கு மாற்றி, பெருக்கிவிட்டேன். அளந்து பார்த்தேன். அகலம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். உன் அலமாரி அதைவிடப் பெரிதாக இருந்தால் சுவிட்ச் போர்டை நகர்த்த வேண்டும், அது அரை நாள் வேலை, பரவாயில்லை. அளவை மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு நட. நான் வந்து சேரும்வரை கனமான எதையும் தனியாகத் தூக்காதே.

வரும்போது புது ரோட்டிலேயே வரலாம். வளைவு கிடையாது.

இப்படிக்கு,
உன் கால்குலேட்டர்