வாரநாள், முற்பகல்

கோபன்ஹேகன், 1970

22 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா வீட்டில் காப்பி, பாதாம் ரொட்டி. தோராவுக்கு அறுபத்தாறு, எனக்கு அறுபத்தொன்று. இன்னும் நான் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் மேசைவிரிப்பில் சிந்துகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இன்று டிராமுக்காகச் சண்டை பிடித்தாள், என்னவோ நான்தான் அதை நிறுத்தப்போவது போல. "பஸ்ல ஏறினாலே எனக்குக் கொமட்டுதுடா. டிராம எடுத்துட்டு இவனுங்களுக்கு என்ன கெடைக்கப்போவுது?"

நாலு மணிக்குக் கிளம்பினேன். போர் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். அவள் வீட்டுக்காரர் ஸ்வென் போனபிறகும் மாறவில்லை. எல்லாம் பேசுவோம். பிர்கிட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

26 பிப்ரவரி, வியாழன்

எய்னர் போன் செய்தான். சைக்கிள் கடையிலிருந்து பேசுகிறான் என்றால் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். குண்டுவீச்சு நடந்து இருபத்தைந்து வருடம் ஆகிறதே, அதற்காக வானொலிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்களாம்.

"எல்லாத்தையும் கொட்டிட்டேன்டா. மாடியில அடைச்சு வெச்சது, குண்டு விழுந்தது, தீக்குள்ள படியில எறங்கி ஓடினது. கடைசியில உன்னையும் சொல்லிட்டேன். லண்டனுக்குப் போன படத்துல ‘ஞாயிறு வேண்டாம், வாரநாள், முற்பகல்’னு எழுதினவன் என் சிநேகிதன் ஹோல்கர். அவனாலதான் நான் இன்னிக்கு உக்காந்து சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டிருக்கேன்னு."

"பேரச் சொன்னியா?"

"பின்ன? இனிமே எவன் வந்து நம்மளப் புடிக்கப்போறான்?"

மார்ச் 21, சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஒலிபரப்பு. தோராவின் அடுக்களை ரேடியோ காலையில் வாயைத் திறந்தால் அவள் படுக்கும்வரை மூடாது.

27 பிப்ரவரி, வெள்ளி

இதை எங்கும் எழுதியதில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

1945 ஜனவரி. ஏரிக்கரையில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் கட்டிடத்தில், நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகம். எங்களைப் போல ரகசியமாக அவர்களை எதிர்த்தவர்களைப் பற்றிய கோப்புகள் எல்லாம் அங்கே. கூரைக்குக் கீழே, மேல்மாடியில், பிடிபட்ட நம் ஆட்களை அடைத்திருந்தார்கள் — அவர்கள் இருக்கும்போது எந்த விமானமும் குண்டு போடத் துணியாது என்று. எங்கள் குழுவுக்கு எய்னர் தலைவன். லண்டனுக்கு அனுப்ப அந்தக் கட்டிடத்தின் வரைபடம் வேண்டும் என்றான். நகரத் தண்ணீர்க் குழாய்களை வரைகிறவன் நான். வரைந்தேன். "எப்ப வந்தா கட்டடம் நெறைஞ்சிருக்கும்? ஓரத்துல எழுது. நீ ஆபீஸ்காரன், உனக்குத் தெரியும்," என்றான்.

தெரியும்தானே. ஒன்பது மணிக்கு வருவார்கள், பன்னிரண்டுக்குச் சாப்பிட எழுந்திருப்பார்கள். எழுதினேன்: ஞாயிறு வேண்டாம். வாரநாள், முற்பகல். எல்லோரும் மேசையில் இருப்பார்கள்.

குழந்தைகளும் மேசையில் இருப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரியில் எய்னர் மாட்டிக்கொண்டான். அவனையும் அதே மாடியில் போட்டார்கள். மார்ச் 21, புதன்கிழமை, பதினொன்றேகால் மணி. வீட்டுக் கூரைகளை உரசுகிற மாதிரி பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. கட்டிடம் எரிந்தது, கோப்புகள் எரிந்தன, எய்னர் பிழைத்தான். வழியில் ஒரு விமானம் ரயில் பாதையோரக் கம்பத்தில் இடித்து, கன்னியர் நடத்திய பள்ளிக்குப் பக்கத்தில் விழுந்தது. பின்னால் வந்தவர்களில் சிலர் அந்தப் புகையைப் பார்த்து, இலக்கு இதுதான் என்று அங்கே போட்டார்கள். எண்பத்தாறு குழந்தைகள்.

பிர்கிட்டுக்கு எட்டு வயது. தோராவுக்கு அவள் ஒருத்திதான்.

1 மார்ச், ஞாயிறு

தோரா வீட்டில் காப்பி. சொல்லவில்லை.

5 மார்ச், வியாழன்

வானொலி நிருபர் ஹால்பெர்க் ஆபீஸுக்கே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், நல்ல பையன். என் குரலும் வேண்டுமாம். என் பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் எடுக்கணும்? அந்த ஒரு முற்பகல்ல எத்தன பேரு கைதாகாம தப்பிச்சாங்க தெரியுமா? அந்தப் பட்டியல் எரியலைன்னா விடுதலைக்கு முன்னாடியே எத்தனயோ பேர சுவரோரம் நிக்க வெச்சிருப்பாங்க. அவங்க பிள்ளைங்க இன்னிக்கு இந்த ஊர்ல நடமாடறாங்க. நீங்க வீரர் சார்."

அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. எரிந்த காகிதம் ஏரிமேல் பறந்ததை நானே பார்த்தேன். அதில் என் பெயரும் இருந்திருக்கலாம். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேனே, அப்படித்தான் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தேன். வீரர். ஒன்றும் தெரியவில்லை.

பேட்டி கொடுக்கவில்லை. பெயரையும் எடுக்க முடியாதாம். எய்னர் பேசிய பகுதியின் ஒலிநாடா வெட்டி ஒட்டி முடிந்துவிட்டதாம்.

8 மார்ச், ஞாயிறு

சொல்லவில்லை. தோராவுக்குச் சளி.

12 மார்ச், வியாழன்

இன்று எய்னரிடம் சொன்னேன். கடை மூடும் நேரம். ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தான்.

குழுவில் எங்களுக்கு ஒரே விதி. வீட்டில் வேலையைச் சொல்லாதே, வேலையில் வீட்டைச் சொல்லாதே. பிடிபட்டால் தெரியாததை யாராலும் சொல்ல முடியாதல்லவா? போர் முடிந்தது, விதியை எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. வருடாவருடம் 21ஆம் தேதி காலை பள்ளி இருந்த இடத்து நினைவுச்சின்னத்தில் தோராவோடு பூ வைப்பேன். மாலையில் எய்னர் புட்டியோடு வருவான், ‘எனக்கு இன்னிக்குத்தான்டா பொறந்தநாள்’ என்பான், அவனோடு குடிப்பேன். தோராவுக்கு எய்னரைத் தெரியாது. எய்னருக்கு பிர்கிட்டைத் தெரியாது. இருபத்து நாலு தடவை இப்படி.

சொல்லி முடித்தபோது சக்கரம் நின்றுவிட்டிருந்தது.

"அத்தன வருஷமும் என்கூட உக்காந்து குடிச்சியேடா," என்றான். "ஒரு தடவையாவது கோப்பைய என் மூஞ்சியில விட்டெறிஞ்சிருக்கக் கூடாதா?"

"நீ என்ன பண்ணின?"

"எழுதச் சொன்னது நான்தானடா!"

மூக்கைக் கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டு அழுதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு வருகிற அழுகை எனக்கு ஏன் வரவில்லை? பொறாமையாகக்கூட இருந்தது.

15 மார்ச், ஞாயிறு

சொல்லவில்லை. இன்னும் ஆறு நாள். தூ.

18 மார்ச், புதன்

லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்கே போனேன். ஞாயிறு இல்லாமல் நான் வந்து நின்றதைப் பார்த்ததும் தோரா, "யாரு செத்தா?" என்றாள்.

உட்காரவில்லை. அடுக்களை வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னேன். படம், வரி, எய்னர், சனிக்கிழமை ரேடியோ. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கடைசிவரை சீவினாள். பிறகு ரேடியோவை அணைத்தாள். அந்த அடுக்களையை அவ்வளவு அமைதியாக நான் கண்டதில்லை.

"எத்தன மணின்னு எழுதின?"

"மணி எழுதல. முற்பகல்னுதான்."

"உன் கையெழுத்துலயா?"

"ஆமா."

"எப்பவும் போல அழகா எழுதியிருப்ப."

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"மறுபடியும் அதே மாதிரி வந்தா எழுதுவியா?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். எதுவும் நடப்பதற்கு முன்னால் என்றால் எழுதுவேன், தெரிந்திருந்தால் மாட்டேன் என்று. இல்லை, அந்த மூன்று வரியை லண்டனில் எவனாவது படித்தானா என்பதே தெரியாது, அவர்களே நேரம் பார்த்து வைத்திருப்பார்கள் என்று. அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், அவள் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

"தெரியல அக்கா," என்றேன். "எழுதினது நான்."

சீவின கிழங்கையெல்லாம் தண்ணீரில் போட்டாள். பிறகு, "அந்த எய்னரக் கூட்டிட்டு வா. சனிக்கிழம. பதினோரு மணிக்கு முன்னாடி," என்றாள்.

21 மார்ச், சனி

நினைவுச்சின்னத்துக்கு இந்த வருடம் போகவில்லை.

எய்னர் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான், பொத்தான் பூட்டவில்லை. புட்டி இல்லை. ஊரையே தூக்குகிற வாய், வாசலில் வணக்கம் சொல்லக்கூடத் திணறியது. தோரா அவனை மேசையின் தலைப்பக்கம் உட்காரவைத்தாள். மீன், ரொட்டி, முட்டை. ரேடியோவைத் திருகினாள். மூன்று பேரும் முழுவதும் கேட்டோம். என் பெயர் வந்தது. போனது. எரிந்த பட்டியலால் பிழைத்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள். பள்ளியைப் பற்றியும் சொன்னார்கள். குறையே சொல்ல முடியாது, நன்றாகத்தான் சொன்னார்கள்.

முடிந்ததும் தோரா கேட்டாள்: "உங்களுக்கு எத்தன பசங்க?"

"மூணுங்க."

"எல்லாம் அதுக்கப்புறம் பொறந்ததா?"

"ஆமாங்க. பெரியவ நாப்பத்தாறுல."

"பேரு?"

ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக விசாரித்தாள். என்ன படித்தார்கள், எதற்கு அழுவார்கள், யாருக்கு அம்மை வந்தது, யார் சொன்ன பேச்சு கேட்கமாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல். எய்னருக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னான். பெரியவளுக்குப் பையன் பிறந்ததைச் சொல்லும்போது சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"எதுக்குப் பொத்தறீங்க?" என்றாள். "சிரிங்க. நான் பாக்கணும்னுதான கூப்பிட்டேன்."

அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து என்னிடம், "நாளைக்கு வராதே ஹோல்கர்," என்றாள்.

"அடுத்த ஞாயிறு?"

"வராதே."

22 மார்ச், ஞாயிறு

போகவில்லை. மூன்று மணிக்குக் கோட்டை மாட்டியிருக்கிறேன், ஏன் என்று புரியாமல் திரும்பக் கழற்றினேன்.

29 மார்ச், ஈஸ்டர்

போகவில்லை.

5 ஏப்ரல், ஞாயிறு

போகவில்லை. பசியில்லை, தூக்கம் இருக்கிறது.

14 ஏப்ரல், செவ்வாய்

எய்னர் வந்தான். தோராவின் வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறான், அவளாகக் கூப்பிட்டாளாம். பேரனைத் தூக்கிக்கொண்டு போனானாம். சைக்கிளுக்குப் புது டயர் போட்டுக் கொடுத்தானாம்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"இல்லடா." கொஞ்சம் யோசித்தான். "பொய் சொல்லட்டுமா?"

"வேணாம்."

அவனைச் சேர்த்துக்கொள்கிறாள், என்னைச் சேர்க்கவில்லை. நியாயம்தான். அவன் பிழைத்தவன், நான் எழுதினவன். நியாயம் என்று தெரிகிறது, அதற்குமேல் ஒன்றும் இல்லை உள்ளே. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேனா?

19 ஏப்ரல், ஞாயிறு

போகவில்லை.

23 ஏப்ரல், வியாழன்

நாளை பெருவேண்டுதல் நாள், தேவாலய விடுமுறை, பேக்கரி எல்லாம் மூடிவிடும்; அதனால் முந்தின நாளே பன் வாங்கிவைப்பது வழக்கம். இன்று மாலை ஊர் முழுக்கக் கோதுமை பன் வாசனை. எல்லோரும் பையோடு போகிறார்கள். எனக்கு வாங்கத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. தோரா. மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள், பத்து வருடமாக இங்கே ஏறியதில்லை. மூச்சு வாங்கியது. மார்போடு பன் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வழிவிடுடா, விழுந்துடப்போறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். மூச்சு சீரானபிறகுதான் பேசினாள்.

"எய்னர் சொன்னான். அந்தப் படம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துச்சா, எவனாவது அந்த வரியப் படிச்சானா, யாருக்கும் தெரியாதாமே."

"தெரியாது."

"அன்னிக்கு நீ அத என்கிட்ட சொல்லல."

"சொல்லல."

"அதச் சொல்லித் தப்பிச்சிருந்தேன்னா நான் இந்த மாடி ஏறியிருக்க மாட்டேன்." பையை என் பக்கம் தள்ளினாள். "உன்ன மன்னிச்சேனான்னு எனக்குத் தெரியல. கேக்காதே. ஆனா அவளுக்கு நடந்தத என்னோட சேர்ந்து சுமக்கறதுக்கு ஒருத்தன் இருக்கான்னு இப்பத்தான் தெரியுது. இத்தன வருஷம் தனியாச் சுமக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பன்னை இரண்டாக வெட்டி அடுப்பில் சுட்டேன். வெண்ணெய் எடுத்துத் தடவும்போது கண் மறைத்தது. அழுதேன். வாய்விட்டு, மூக்கொழுக, சின்னப் பையன் மாதிரி. நாற்பத்தைந்தின் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இன்றுதான். அவள் எழுந்து வரவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு, "வெண்ணெய நல்லாத் தடவுடா கஞ்சப்பயலே," என்றாள். "அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்."

தடவினேன்.