உன் லேப்டாப்பைத் தூக்கிப் போடவில்லை, மதினி

என் தங்க மதினிக்கு,

உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் லேப்டாப்பில்தான் அடிக்கிறேன். நீ இருந்தபோது இதில் கை வைத்தால் பட்டென்று கையிலேயே ஒன்று வைப்பாய். இப்போதும் அடிக்க முடியுமானால் வந்து அடி, பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பெட்டி ஓடுகிறது. தூக்கிப் போடு, பேரீச்சம்பழத்துக்குக்கூட எடுக்க மாட்டான் என்று சொன்ன அத்தனை பேர் கண்ணுக்கு முன்னாலும் ஓடுகிறது. அதில் உன் புருஷனும் ஒரு ஆள். அதனால்தான் உன்னிடம் கோள் சொல்ல வந்திருக்கிறேன்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு இறக்கிய நம்ம போஸ்டர் கடை ஷட்டரை, உன் காரியமெல்லாம் முடிந்து நான்தான் மறுபடி தூக்கினேன். மேசையில் தூசி. உன் கண்ணாடி அப்படியே மடக்கி வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்து அழுது முடித்து, மூஞ்சியைக் கழுவிவிட்டு லேப்டாப்பைப் போட்டால் அது எழுந்திருக்கவே இல்லை. நீ எப்போதும் சொல்வாயே, "ஏத்தா, சுவிட்ச்சப் போட்டுட்டு வா, டீக்குடிச்சிட்டு வந்துருவோம்" என்று. நீ போன பிறகு டீ குடித்து, வடை தின்று, பேப்பர் படித்து முடித்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

எழுமலையிலிருந்து ஒருத்தர் காதுகுத்து பேனருக்கு வந்தார். பிள்ளை போட்டோ, மாமன்மார் போட்டோ எல்லாம் போனில் வைத்திருந்தார். நான் சாஃப்ட்வேரைத் திறக்கிறேன், திறக்கிறேன், திறந்துகொண்டே இருக்கிறேன். "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்த்தா" என்று போனவர் திரும்பி வரவில்லை. சாயங்காலம் எதிர்க்கடையிலிருந்து சுருட்டிய பேனரோடு வண்டியில் ஏறுகிறார். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிக்கவும் செய்தார்.

உன் புருஷன், என் அண்ணன், இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வர மாட்டான். உன் நாற்காலி இருக்கிற பக்கம் அவன் கண்ணே போகாது.

"செல்வி, கடையக் காலி பண்ணிருவோம்த்தா. பக்கத்து மொபைல் கடைக்காரரு ரூம வாடகைக்குக் கேக்குறாரு. நீ வீட்டுல இரு. நான் சோறு போட மாட்டேனா?"

"போடுவண்ணே. சோத்துக்கா நான் கடைக்கு வாரேன்?"

மதினி, அவனுக்கு அது புரியாது. உனக்குப் புரியும். புருஷன் வீடு வேண்டாமென்று ஒரே ஒரு பையோடு நான் வந்து நின்றபோது, சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. இந்த விளாங்குடிக் கடைக்குக் கூட்டிவந்து உன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாய். "வீட்டுக்குள்ள உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டு இருக்காத. இந்தா, இதுல எழுத்துப் பிழை பாரு." அந்த ஸ்டூல்தான் மதினி எனக்கு. அது போனால் நான் மறுபடியும் அண்ணன் வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கிற தங்கச்சிதான். எத்தனை நல்ல அண்ணனாக இருந்தால் என்ன?

நான் விடாமல் வாயாடியதில் கடைசியாக ஒன்று சொன்னான். ஆவணி முகூர்த்தம் வருவதற்குள் இந்தப் பெட்டி ஒழுங்காக ஓடினால் கடை எனக்கு, ஓடாவிட்டால் ரூமை விட்டுவிட வேண்டும் என்று. சொன்னதோடு நிற்கவில்லை. ‘வாடகைக்கு விடப்படும்’ என்று ஒரு தாளில் எழுதி ஷட்டரில் ஒட்டிவிட்டும் போய்விட்டான். போஸ்டர் கடையிலேயே கையால் கோணல்மாணலாக எழுதி ஒட்டுகிறான் பார். எனக்கு அதுதான் முதல் கோபம்.

புது லேப்டாப் வாங்க வேண்டியதுதானே என்பாய். யோசித்தேன். ஆனால் நம்ம டிசைன் சாஃப்ட்வேர் எந்தக் காலத்துப் பழசு! அதைப் போட்டுக் கொடுத்த ஆள் ஊரை விட்டே போய்விட்டார், சிடி எங்கே இருக்கிறதென்று உனக்கே தெரியாது. உன் தமிழ் ஃபாண்ட் இல்லாத மெஷினில் நம்ம ஃபைலைத் திறந்தால் ‘காதணி விழா’ என்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கோடும் புள்ளியுமாக வாந்தி எடுத்த மாதிரி கிடக்கும். அப்புறம் அந்த ஃபோல்டர்கள். ‘தலை’ என்று ஒன்று, ‘உடம்பு’ என்று ஒன்று. ரேஷன் கார்டு போட்டோ மட்டுமே இருந்த எத்தனை தாத்தாக்களின் தலையை வெட்டி, பட்டுச் சட்டை போட்ட உடம்பில் ஒட்டி அனுப்பியிருப்பாய்! இந்த வட்டாரத்துத் தலை பூராவும் உன் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை எப்படி விடுவேன்?

அதனால் பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற டிஸ்க்கை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்குமாம், அது கிழடாகிவிட்டது. எஸ்எஸ்டி என்கிறார்களே, அதில் சுழலுவதற்கு ஒன்றுமே கிடையாது. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடும். உன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அடிப்பக்க மூடியைக் கழற்றி, டிஸ்க் உட்கார்ந்திருக்கிற இடத்தை நம்ம பேனர் டேப்பால் அளந்துகொண்டு டவுனுக்குப் போனேன்.

கடைக்காரர் மாடலைக் கேட்டதுமே சிரித்தார். "இதுக்கா? எக்ஸ்சேஞ்சுல போடுங்கக்கா, புதுசு எடுத்துத் தாரேன்."

"புதுசுல எங்க மதினி ஃபாண்ட் வருமா?"

"எல்லாம் டவுன்லோடு பண்ணிக்கலாம்க்கா."

"எங்க மதினியவும் டவுன்லோடு பண்ணிக்கலாமா?"

அதற்குப் பிறகு அவர் புதுசைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் வியாபாரி இல்லையா, சூயிங்கம் பாக்கெட் மாதிரி ஒரு குச்சியை எடுத்து வைத்தார். இதுவும் எஸ்எஸ்டிதான், இதுதான் இப்போது எல்லாவற்றையும் விட வேகம் என்றார். எங்கள் பெட்டியில் அதைச் சொருக இடமே இல்லை, நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். உள்ளங்கை அளவில் தட்டையாக வருமே, பழைய டிஸ்க் போலவே, அதைத்தான் கேட்டேன். அதிலும் சும்மா வேகம் வேகமென்று ஒன்றைக் காட்டினார். பழைய லேப்டாப் எவ்வளவு வேகத்தை வாங்குமோ அவ்வளவுதான் வாங்கும், மிச்சத்துக்கு நான் எதற்குக் காசு கொட்ட வேண்டும்? பேர் தெரியாத கம்பெனி ஒன்று பாதி விலைக்குக் கிடந்தது. அதையும் தள்ளினேன். வாரண்டி கூடுதலாக இருக்கிறதாக, பழைய டிஸ்க்கை விடக் கொள்ளளவில் குறையாததாக ஒன்றைப் பார்த்து எடுத்தேன். சின்னது போதுமே என்றார். தலைகளுக்கு இடம் வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசியாக, "குடுத்துட்டுப் போங்கக்கா, ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் ஃப்ரெஷ்ஷா போட்டுத் தாரேன்" என்றார்.

"ஃப்ரெஷ்ஷு வேணாம்ணே. அழுக்கு, குப்பை எல்லாம் அப்படியே வேணும்."

பழைய டிஸ்க்கில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் புதுசுக்கு மாற்றுகிற கேபிளை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டுகிற கோடு மத்தியானம் முழுக்கத் திரையில் ஊர்ந்தது. பழைய டிஸ்க் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் கேட்ட சத்தம் ஞாபகம் வந்துவிட்டது. இதுவும் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்துகொண்டே ஃபேனைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை மதினி. முழுசாக முடித்துவிட்டுத்தான் அது ஓய்ந்தது.

புதுசை உள்ளே வைத்து மூடினேன். சுவிட்ச் போட்டேன். கறுப்புத் திரையில் டிஸ்க்கே இல்லை என்று இங்கிலீஷில் வந்தது. லேப்டாப்பைத் தூக்கி ஆட்டினால் உள்ளே கொடகொடவென்று சத்தம். சரியாக அந்த நேரம் பார்த்து உன் புருஷன் வாசலில் வந்து நிற்கிறான்.

"நான்தான் சொன்னேன்ல" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவம் என்கிற குரலில் சொன்னான். "போண்ணே அங்கிட்டு" என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது, அவன் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

மறுபடி கழற்றினேன். பழைய டிஸ்க்கையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. புதுசு ஒல்லி. நீளம் சரி, அகலம் சரி, கனம்தான், அந்தத் தடிமன்தான், குறைவு. குழிக்குள் அது ஆடுகிறது, சொருகிய வாய் நழுவி விடுகிறது. நீயும் நானும் இத்தனை வருஷமாகப் பத்துக்கு எட்டு, இருபதுக்குப் பத்து என்று எழுதித்தானே ஆர்டர் எடுத்தோம். எவனாவது வந்து எவ்வளவு கனம் என்று கேட்டானா? போஸ்டர்காரி புத்தி, நீளமும் அகலமும் அளந்துவிட்டு எல்லாம் அளந்தாயிற்று என்று கிளம்பிப் போயிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேசைக்கு அடியில் நீ வெட்டிப் போட்ட ஃப்ளெக்ஸ் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. எதற்காவது ஆகும் என்று எதையும் எறிய விட மாட்டாயே! அதில் ஒரு துண்டை எடுத்து, அளவாக நறுக்கி, மடித்து, டிஸ்க்குக்கு மேலே வைத்து மூடினேன். யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி மீசை அந்தத் துண்டில் இருந்தது. இப்போது உன் லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த மீசைதான். தூக்கி ஆட்டினேன். சத்தமில்லை.

"அண்ணே, உள்ள வா" என்றேன். வரவில்லை. "வந்து பாருண்ணே. பாத்துட்டுப் பேசு" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நான் சுவிட்சைப் போட்டேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் உன் ஸ்க்ரீன் வந்துவிட்டது. அதே குப்பை. ‘புதுசு’, ‘புதுசு2’, ‘இதான் கடைசி’, ‘இதான் நெசமா கடைசி’ என்று நீ பேர் வைத்த ஃபைல்கள். பின்னால் அழகர்கோவிலில் எடுத்த உன் போட்டோ, காற்றில் முடி பறக்கச் சிரித்துக்கொண்டு. சாஃப்ட்வேரைத் திறந்தேன், திறந்தது. ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை.

அண்ணன் உன் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. கோள் சொல்ல வந்தேன் என்றேனே, இதையும் சொல்ல வேண்டும். அவனுக்குக் கடை மேலே வெறுப்பெல்லாம் கிடையாது மதினி, நீ இல்லாத கடையைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன் மதினிக்கு அஞ்சலிப் போஸ்டர் அடிக்கணும்ல. நம்ம தாய்மாமா கேட்டுக்கிட்டே இருக்காரு. நீயே போட்டுரு" என்றான். கறுப்புக் கட்டம், கண்ணீர்த் துளி, விளக்கு, நீங்காத நினைவுகளுடன் என்று கீழே எல்லார் பேரும். எல்லாருக்கும் நாம் போட்டுக் கொடுத்ததுதான். ஆனால் நீ என்னிடம் என்ன சொல்லியிருக்கிறாய்? "நான் செத்தா என் தலைக்குக் கட்டம் கட்டிப்புடாதீக, நான் அடங்க மாட்டேன்" என்று சொல்லவில்லையா?

"மாட்டேண்ணே" என்றேன். "வேற போடுறேன்."

உன் அழகர்கோவில் போட்டோவையே எடுத்தேன். உன் தலை, உன் உடம்பு, எதையும் வெட்டவில்லை. கறுப்பே சேர்க்கவில்லை. கீழே உனக்குப் பிடித்த அந்தத் தடித்த ஃபாண்டில், ‘நம்ம கடை திறந்திருக்கு’ என்று போட்டேன். அதற்குக் கீழே உரிமையாளர் என்று உன் பேர். மாமா பார்த்துவிட்டு, செத்த தேதி எங்கே என்று கேட்டார். இது சாவுப் போஸ்டர் இல்லை மாமா, கடைப் போஸ்டர் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றார். ஊர் வந்து காதுகுத்துக்கு ஆர்டர் கொடுக்கட்டும் என்றேன்.

முதல் போஸ்டரைப் பசை வாளியோடு அண்ணன்தான் வாங்கிக்கொண்டு போனான். எங்கே ஒட்டுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். நம்ம ஷட்டரில், அவன் கையால் எழுதி ஒட்டிய அந்த வாடகைத் தாளுக்கு மேலேயே ஒட்டினான். நான்கு மூலையும் நீவி நீவி ஒட்டினான்.

ஷட்டரை ஏற்றும்போது உன் முகம் உள்ளே சுருண்டு போகிறது, சாயங்காலம் இறக்கும்போது மறுபடி வருகிறது. இந்தப் பெட்டி ஒரு நாள் மறுபடி படுக்கும், எனக்குத் தெரியும். அப்போதும் திறந்து பார்ப்பேன், கனத்தையும் சேர்த்து அளப்பேன். உன்னை மட்டும் ஒரு நாளும் கட்டத்துக்குள் போட மாட்டேன் மதினி. இது சத்தியம்.

உன் ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு ஏறிவிட்ட,
வாயாடி நாத்தனார்
செல்வி