அட்டைமேல் நின்ற முதலாளி

ஆவணி 12, வியாழன்

வாளியில் உப்புப் போட்ட வெந்நீர். இரண்டு காலையும் அதில் விட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் புடவைக் கடைக்குள் யாரும் செருப்பு போடக் கூடாது. நாள் முழுக்க வெறுங்காலோடு டைல்ஸ் மேல் நின்றால் குதிகால் என்ன ஆகும்? அதனால் சரக்கு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, மடித்துப் போட்டு அதன்மேல் நின்றுகொள்வேன். காலையில் முதலாளி பார்த்துவிட்டார். "இன்னாம்மா, கடையா இது, குப்பமேடா?" என்று அவரே எடுத்துப் பின்பக்கம் வீசினார். அழுகை வந்தது.

என்னோடு நிற்கும் ஷமீம் இன்று லீவு. கல்பாக்கத்திலிருந்து கல்யாணப் புடவை எடுக்க ஒரு கும்பல் வந்துவிட்டது. கல்லா நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன், அவள் இடத்தில் நின்று புடவை விரித்துப் போட்டார். மூன்று மணிக்கு ஒரு காலால் மறு காலைத் தேய்த்தார். நான்கு மணிக்கு மெதுவாக, "அந்த அட்ட எங்கம்மா கீது?" என்றார்.

"நீங்கதானே தூக்கிப் போட்டீங்க, பாய்."

போய் எடுத்துவந்தார். எனக்குத்தான் என்று நினைத்தேன். தன் காலடியில் போட்டுக்கொண்டார்! அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாகக் கிழித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

வெந்நீர் ஆறிவிட்டது. வலது குதிகாலில் அந்தக் குத்தல் மட்டும்... சரி, பார்ப்போம். நாளை ஷமீம் வந்துவிடுவாள். இன்னும் ஒரு நாள் லீவு போட்டிருந்தாளானால் எங்களுக்கு ஸ்டூலே வந்திருக்கும்.