கோரமண்டலில் ஏறாதவனுக்கு ஓர் இருக்கை

என் அவசரக்காரக் கௌதம்,

அந்தத் தொடரின் எட்டாவது எபிசோடைப் பாதியில் நிறுத்தியது நீ. "மீதியை நாளைக்கு டிரெயின்ல பாக்கலாம் மச்சான்" என்றாய். மறுநாள் காய்ச்சல் என்று படுத்தாய். நான்காம் நாள் நீயே இல்லை. இப்படியா நடந்துகொள்வது?

அந்த எபிசோடில் ஒருவன் தனக்குப் பிடித்த பெண்ணை ஓட்டலில் சந்திக்கிறான். பக்கத்து மேஜையிலிருந்து அவன் நண்பன் என்ன பேச வேண்டும் என்று போனில் சொல்லித் தருகிறான். எல்லாம் சொதப்புகிறது. நீ சிரித்து முடித்துவிட்டு, தினமும் நம் டிரெயினில் மகளிர் பெட்டியில் வரும் எஸ்தரிடம் நானும் இப்படித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தாய். "நான் பக்கத்துல உக்காந்து உன் தொடையில தட்டுவேன். ஒரு தட்டுன்னா பேசு. ரெண்டு தட்டுன்னா வாயை மூடு."

நீ இல்லாமல் என்ன ஆயிற்று, கேள்.

மாரிகுப்பத்தில் ஏறியதும் இன்னமும் பக்கத்து இருக்கையில் கர்ச்சீப் போடுகிறேன், கோரமண்டல் ஸ்டேஷனில் நீ ஏறுவாய் என்பதுபோல. கை தானாகச் செய்கிறது. எதிரே உட்காரும் சேகர் அண்ணன் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

போன வாரம் எஸ்தருக்கு வேலை நேரம் மாறியது. மகளிர் பெட்டி வரை ஓட முடியாமல் உன் ஸ்டேஷனில் நம் பெட்டியில் ஏறினாள்.

"இங்க ஆள் வராங்களா?"

"வராங்க."

மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தவன் அவளிடம் சொன்ன முதல் சொல். பெங்களூர் வரை நின்றாள்.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள், "உங்க ஆளு எங்கதாங்க ஏறுவாரு?" என்றாள். பங்காருபேட்டை என்றது என் வாய். பங்காருபேட்டையும் போனது. "ஒருவேளை பெங்களூர்ல ஏறுவாரோ?" என்றாள். பெட்டியே சிரித்தது.

இன்று அவள் கேட்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அவன் செத்துட்டான்" என்றேன். சத்தமாக.

சொல்லும் முறையா அது? துள்ளி எழுந்தாள். நானும் எழுந்தேன். நீங்க உக்காருங்க. இல்ல, நீங்க. இரண்டு இடம் காலி, இரண்டு பேர் நிற்கிறோம்.

"இன்னாடா இது, உக்கார எடத்த வெச்சிக்கினு நிக்கிறீங்க?" என்றார் சேகர் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "கௌதமுக்கு எடம் புடிச்சது போதும்டா." பின்னால் நின்ற இருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவ்வளவுதான். உன் இடம் போய்விட்டது. யாரைத் திட்டுவது?

அப்போதுதான் எஸ்தர் கேட்டாள். "அவரு எப்படிங்க இருப்பாரு?"

கிருஷ்ணராஜபுரம் வரை சொன்னேன். சீசன் பாஸ் கையில் இருந்தும் டிக்கெட் பரிசோதகரைக் கண்டால் நீ வேர்த்துப்போவதை. மூன்று மொழியிலும் தப்பாகப் பாடுவதை. உன் அம்மா இப்போதும் உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுவதை. சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இறங்கும்போது, "நாளைக்கும் கௌதம் கதை சொல்லுங்க" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வருகிறது. உன்னைப் பற்றி எல்லாம் அவளுக்குத் தெரியும். என் பெயர்கூடத் தெரியாது. செத்த பிறகும் நீயே பேசிக்கொண்டிருந்தால் நான் எப்போதடா பேசுவது?

நாளை முதலில் என் பெயரைச் சொல்வேன். சத்தியம். அதன் பிறகுதான் நீ.

உன் மச்சான்,
ஜான்சன்