சிப்பி சாகவில்லை என்று நான் சொன்னேன்

போன சனிக்கிழமை பின்னேரம் உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட விழாவுக்குக் கட்ட ஒரு சீலை வேண்டுமென்று கேட்டாள். அலுமாரியில் பிடித்ததை எடுக்கச் சொல்லிவிட்டு நான் குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சீலையோடு வரவில்லை. சீலைகளுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த ஆங்கிலக் கதைப் புத்தகத்தின் நாலாம் பாகத்தோடு வந்தாள்.

அந்தக் கதைப் புத்தகங்களில் முதல் மூன்றையும் என்னிடம் இரவல் வாங்கி வாசித்திருந்தாள். நாலாவதைக் காணவில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுப்பகுதியில் தாள்கள் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வாயில் போட்டுச் சூப்பிய ஐஸ்கட்டி விழுந்து நனைந்த பக்கங்கள் அவை. அவள் நின்ற நிலையிலேயே அவற்றைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தாள். மரினாவுக்கு இப்போது பதினைந்து வயது. ஆங்கிலம் என்னைவிட நன்றாக வாசிப்பாள்.

"அன்ரி, இதிலை சிப்பி செத்துப் போறாள். அம்மா எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே."

எட்டு வருடமாக இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

வாசிக்கத் தொடங்கிய முதல் நாளை நீ மறந்திருக்கமாட்டாய். எனக்குத் தொண்டு நிறுவனத் திட்டமொன்றில் வேலை ஒப்பந்தம் முடிந்து வீட்டில் சும்மா இருந்த காலம். உன் கணவர் கட்டாரில் இருந்தார். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகவே செவ்வாயும் வெள்ளியும் பேசாலையிலிருந்து உன்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பாயிற்று. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். அதை ஒரு பொறுப்பென்று சொன்னால் நீ கோபிப்பாய்.

இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு நாலு மணித்தியாலம். நீ கட்டிலில், நான் பக்கத்துக் கதிரையில். திட்டம் முடிந்து ஊருக்குப் போன வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி எங்கள் கந்தோரில் விட்டுப்போன ஐந்து தடித்த புத்தகங்களில் முதலாவது என் மடியில் இருந்தது.

"என்னடி அது, பைபிள் மாதிரி?"

"சின்னப் பிள்ளையளின்ரை கதை. சிறகு முளைச்ச ஆக்கள், மந்திரம், அப்பிடி."

"எனக்கும் வாசியன். இந்த மெசினை எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு கிடக்கிறது?"

அப்படித்தான் தொடங்கியது. நான் ஆங்கிலத்தில் ஒரு வரியைக் கண்ணால் படித்துவிட்டு எங்கள் தமிழில் சொல்வேன். அந்தச் சிறகு முளைத்தவர்களை என்னவென்று சொல்வதென்று முதல் நாளே சண்டை. நான் தேவதூதர்களைச் சொல்வதுபோலச் சம்மனசுகள் என்றேன். நீ கட்டிலில் எழும்பப் பார்த்தாய். "சம்மனசு இப்பிடிக் களவெடுக்குமே? ஆக்களை ஏமாத்துமே? பாவமடி, மாத்து." கடைசியில் மாயக்காரர் என்று முடிவாயிற்று. கடல் வற்றிய ஒரு நாளில் மணல்திட்டுகளில் நடந்து மாயக்காரர் நாட்டுக்குப் போய்விடும் மனிதப் பெண்ணின் கதை அது. தலைமன்னார்க் கரையில் இருந்து பார்த்தால் தெரியும் திட்டுகளாகத்தான் நீ அவற்றை எண்ணிக்கொண்டாய். அந்தப் பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் தோழிக்கு ஒரு நோய். சிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கும். அவளுடைய ஆங்கிலப் பெயர் உன் வாயில் வரவில்லை. "சிப்பி எண்டு வை" என்றாய். அதற்குப் பிறகு உனக்குக் கதாநாயகியில் அக்கறையில்லை. சிப்பிக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

கேட்ட கதையைப் பின்னேரம் வீட்டில் மரினாவுக்குச் சொல்வாய். அவளுக்கு அப்போது ஏழு வயது. நீ சொல்லும்போது மாயக்காரர் சுறா வறை சாப்பிட்டார்கள், மாதா கோவில் திருவிழாவுக்கு வந்தார்கள். நீ ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீர்தான் குடிக்கலாம். கதைக்குள் நீ குடங்குடமாகக் குடித்தாய்.

நாலாம் பாகத்தைத் தொடங்கிய கிழமைதான் டொக்டர் என்னையும் உன் அம்மாவையும் வெளியே கூப்பிட்டார். உன் இருதயம் பலவீனமாகிவிட்டது, சிறுநீரகம் மாற்றும் சத்திரசிகிச்சையைத் தாங்காது, அதிக நாள் இல்லை என்றார். உன் அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, அவளுக்கு ஒண்டும் சொல்லிப் போடாதை. மனம் உடைஞ்சால் நாளைக்கே போயிடுவாள்." நான் தலையாட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து, மனம் எதிலும் ஒட்டாமல், நாலாம் பாகத்தை முன்கூட்டி வாசித்தேன். சிப்பி செத்துப்போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீ வழமைபோல ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாய்: "சிப்பி சாகப்போறாளோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"உன்ரை முகத்தைப் பாத்தால் தெரியுது. ஜெனி, எனக்கு உண்மையைச் சொல்லு. அவள் சாகிறதெண்டால் எனக்கு ஒரு வேலை கிடக்கு."

"என்ன வேலை?"

"மரினாவோடை கதைக்க வேணும். நான்தான் சொல்ல வேணும். வேறை ஆக்கள் சொன்னால் பிள்ளை பயந்திடும். என்ன சொல்லுறது, எப்பிடிச் சொல்லுறது எண்டெல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறன்."

நீ கேட்டது கதையைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"அவள் சாகேல்லையடி. பிழைச்சிடுவாள்."

நீ என் முகத்தை மறுபடியும் பார்த்தாய். பிறகு உன் தோள் இரண்டும் இளகித் தலையணையில் இறங்கின. "அப்ப நல்லது. மரினாவோடை ஆறுதலாக் கதைக்கலாம். கோவிலிலை புதுநன்மை எடுக்கட்டும், கொஞ்சம் விளங்கிற வயசு வரட்டும்" என்றாய். உன் வாயிலிருந்த ஐஸ்கட்டி சிரிப்போடு நழுவிப் புத்தகத்தில் விழுந்தது அப்போதுதான்.

இதற்கு மேல் சொல்லப்போவதைப் போன சனிக்கிழமை வரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அந்த நாளுக்குப் பிறகு புத்தகத்தில் சிப்பி இல்லை. நீயோ ஒவ்வொரு முறையும் அவளைத்தான் கேட்டாய். ஆகவே நானே கதை கட்டினேன். புத்தகத்தைத் திறந்து வைத்து, வரிகளின் மேல் கண்ணை ஓட்டி, வாயில் வந்ததைச் சொன்னேன். சிப்பிக்குப் புதுச் சிறகு முளைத்தது. கொண்டச்சிக் கரை மாதிரி ஒரு கரையில் அவள் முத்துக் குளித்தாள். மாயக்காரரின் அரசனை ஏய்த்தாள். நீ சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்து பார்த்தாள். எனக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த நாளைக்கு என்ன சொல்வதென்று கொப்பியில் குறித்து வைத்தேன். செவ்வாய் எப்போது வரும் என்று பார்த்திருந்தேன். உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் நாள் அது உண்மை. பிறகு நான் பொய் சொன்னது, நான் கட்டிய கதையை நீ அப்படி ரசித்ததற்காக. அந்த ஏழு கிழமையில் ஏதாவது ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு, "எடி, நான் சொன்னது பொய்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டுச் சட்டை மாற்றும்போது நீ விழுந்தாய். ஓட்டோ வாசலில் நின்றது. நான் உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மரினா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டார் போய், அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். ஒழுங்கையில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தவர்களை அவள் பார்த்துவிட்டாள். படலைக்குள் வரவில்லை. புத்தகப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ, "அம்மா சம்மனசா மோட்சத்துக்குப் போயிட்டாவம்மா" என்றார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள். "சிப்பிக்குச் சுகம் வந்திட்டுது எண்டு அம்மா நேத்தும் சொன்னவ" என்றாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். பதில் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் தூக்கினேன்.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்பு பங்குச் சுவாமியிடம் அந்தப் பொய்யைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி அன்பாகக் கேட்டார். இரக்கத்தால் சொன்ன பொய் என்றார். உள்ளுக்குள் அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று உன் அம்மாவும் பலமுறை சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஆறுதல் ஒத்துவரவில்லை. தெரிந்திருந்தால் நீ மரினாவோடு கதைத்திருப்பாய். நீ கதைக்கவில்லை. என்னை நம்பினாய். பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தவள் உனக்கு ஒரு பொய்யும் சொல்லாததால் நம்பினாய்.

ஆகவே சனிக்கிழமை மரினாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் சொன்னது, அம்மம்மா கேட்டது, நீ சொன்ன வேலை, நான் கட்டிய கதை, அதில் எனக்கிருந்த ஆசை. தேத்தண்ணீர் ஆறிப்போனது.

"அம்மா என்னோடை கதைக்க இருந்தவவோ?"

"ஓம்."

"என்ன சொல்ல இருந்தவ?"

"தெரியாது, மரினா. நான் கேக்கேல்லை."

அவள் சீலையையும் எடுக்காமல் போய்விட்டாள். ஞாயிறு கோவிலில் தூரத்து வாங்கில் இருந்தாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் என் பக்கம் திரும்பவில்லை.

நேற்று முருங்கனில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுடைய அழைப்பு வந்தது.

"அன்ரி, நான் உங்களை மன்னிக்கேல்லை."

"ஓம், பிள்ளை."

"ஆனால் அந்தக் கதை எனக்கு வேணும். புத்தகத்திலை இருக்கிறது இல்லை. நீங்கள் சொல்லி அம்மா எனக்குச் சொன்னது. எனக்குப் பாதி மறந்து போச்சுது. எழுதித் தாங்கோ."

இன்று காலை எழுத உட்கார்ந்தேன். பழைய கொப்பி கிடைக்கவில்லை. சிறகு முளைத்ததும் முத்துக் குளித்ததும் ஞாபகம் வருகின்றன. எந்த இடத்தில் நீ சிரித்தாய், எந்த இடத்தில் "பொய்யடி, அப்பிடி நடக்காது" என்றாய் என்பதையும் எழுதுகிறேன். கதையைவிட அதுதான் அவளுக்கு வேண்டியது என்று நினைக்கிறேன்.

நீ அவளுக்குச் சொல்ல யோசித்து வைத்திருந்ததை மட்டும் எழுதமாட்டேன். எழுத எனக்குக் கை வரும். உன் குரலும் தெரியும், உன் சொற்களும் தெரியும், மரினா நம்பியும் விடுவாள். அதனால்தான் எழுதமாட்டேன்.