கிழங்கு மருந்தும் ஆண் எலிகளும்

உரும்பிராய்
5.12.1984

அன்புள்ள தங்கச்சி அருந்ததிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் அந்த ஊர்க் குளிரையும் பற்றி எழுது. தோட்டத்தில் உருளைக்கிழங்கு நன்றாக வந்திருக்கிறது. இலை கருகாமல் வாராவாரம் மருந்தடிக்கிறேன். வீடுதான் நன்றாக இல்லை. பிள்ளை இல்லையென்று அம்மா ஏசியதில் உன் மச்சாள் பூரணம் தொண்டைமானாற்றுக்குத் தாய்வீடு போய்விட்டாள். "வேறை ஒருத்தியைப் பாப்பம்" என்கிறா அம்மா. நான் சம்மதிக்கவில்லை. உன் மச்சாளுக்கு இங்கிலாந்தில் நல்ல மருந்து ஏதும் இருந்தால் அனுப்பு.

அன்பு அண்ணன்,
சண்முகநாதன்

லீட்ஸ்
29.12.1984

அன்புள்ள அண்ணைக்கு,

மச்சாளுக்கு மருந்து அனுப்ப மாட்டேன். அவவில் குறையில்லை என்று டொக்டர் சொல்லி எத்தனை காலம்! உங்களை யாராவது சோதித்தார்களா? இதைத் தங்கச்சி எழுதுவதாக எண்ணாமல், ஆராய்ச்சிக்காரி எழுதுவதாக எண்ணி வாசியுங்கள். நான் இங்கே ஆண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது நீங்கள் கிழங்குக்கு அடிக்கும் வகை, பூஞ்சணம் கொல்லும் பங்கசுநாசினிதான். கூடுதலாகக் கொடுத்த எலிகளின் விந்தில் உயிரணு குறைந்துவிட்டது. அவற்றோடு விட்ட பெட்டைகள், நல்ல சுகமான பெட்டைகள், குட்டி போடவில்லை. மருந்தை நிறுத்தியபின் சில எலிகள் தேறின. எலி மனிதனல்ல, உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெறுங்கையால் மருந்து கலக்குவதை விடுங்கள். போய்ச் சோதியுங்கள்.

உங்கள்
அருந்ததி

உரும்பிராய்
2.2.1985

அன்புள்ள தங்கச்சிக்கு,

எலியையும் என்னையும் ஒன்றாக்குகிறாளே என்ற கோபத்தில் உன் கடிதத்தைக் கிழித்தெறிந்தேன். மறுநாள் முழங்கை வரை கையை விட்டு மருந்தைக் கலக்கும்போது கை தானாக நின்றுவிட்டது. டொக்டரிடம் போனேன். உயிரணு குறைவுதான். "மருந்தாலையோ தெரியாது. கொஞ்சக் காலம் தொடாமல் இருந்துபோட்டு வாரும், திரும்பப் பாப்பம்" என்றார். மருந்தடிக்காத பாத்திகள் கருகத் தொடங்கிவிட்டன. போகட்டும்.

அம்மாவிடம் சொன்னேன்: "குறை என்னட்டைத்தான். இனிப் பூரணத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக்கூடாது." அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டா. தொண்டைமானாற்றுக்குப் போய்ப் பூரணத்திடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

"பிள்ளை பிறக்காட்டி?" என்று கேட்டாள்.

"பிறக்காட்டியும் நீதான்."

"அப்ப மாமி வந்து கூப்பிடட்டும்."

அம்மா இரண்டு நாள் முரண்டுபிடித்துவிட்டுச் சம்மதித்தா. நேற்று அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வாசல் படலையடியில் நின்றபடியே, "வா பிள்ளை, நான் பிழையாக் கதைச்சுப்போட்டன்" என்றா. பூரணம் உடுப்புப் பையை என்னிடம் தந்துவிட்டு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்பு அண்ணன்,
சண்முகநாதன்