வராத வியாதிக்கு ஒரு ஜெபம்

லிங்கராஜபுரம்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு ஜெமிமா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே அப்பாவும் கிரேஸ் அத்தையும் நானும் சுகம், மஸ்கட்டில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் இரட்டைக் குழந்தைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நீ போன் செய்தால் அத்தை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுவதால் இதை உன்னிடம் பேச முடியவில்லை, அவர் தூங்கிய பிறகு எழுதுகிறேன். எதிர்வீட்டு பீட்டர் அங்கிள் நாளைக்கு அங்கே திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுவேன்.

போன வாரம் ஆஷா ஊழியர் வீணா அக்கா வந்து, பதினான்கு வயதுப் பெண்களுக்கு அரசாங்கமே இலவசமாக ஒரு ஊசி போடுகிறது, பிற்காலத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காக்கும், இந்த வாரம் சனிக்கிழமை ஹெல்த் சென்டருக்குக் கூட்டி வாருங்கள் என்று சொன்னார். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு, நாளைக்குக் குழந்தை இல்லன்னா நீயா வந்து பதில் சொல்லுவ என்று அத்தை சண்டைக்குப் போய்விட்டார். அப்புறம் மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். ஊசி என்று சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளைக்குக் கர்ப்பப்பை விஷயம், ஜெபிச்சுக்கோங்க என்று மட்டும் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கே புற்றுநோய் என்று ஆகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா எல்லார் முன்னாலும் என் வயிற்றில் கை வைத்து ஜெபித்தார், ஆன்ட்டிகள் அழுதார்கள், என்னோடு படிக்கும் சிந்து மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு நிஜமாகவே அடிவயிறு வலிக்கிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது அம்மா.

நேற்று ஸ்கூல் விட்டு வரும்போது வீணா அக்காவிடம் கேட்டேன், தப்பு செய்தவர்களுக்குத்தான் இந்த ஊசியா என்று. ஒண்ணும் வராதவளுக்குத்தான் முன்னாடியே போடறது கண்ணு, குழந்தை பிறக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, என் பொண்ணும் போட்டுக்கினா, கை வலின்னு ரெண்டு நாள் பாத்திரம் கழுவாம ஏமாத்தினா என்றார். வலி பயத்தினாலும் வரும், நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டலாம் என்றும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் அத்தையோ, ஜெபம் பண்ணி சுகமானப்புறம் ஊசிக்குப் போனா சபையில என்ன நெனைப்பாங்க, விசுவாசம் இல்லாத குடும்பம்னுதானே என்கிறார். அப்பா, உங்க அம்மா சரின்னா எனக்கும் சரி என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் போடமாட்டார்களாம். அதனால் வெள்ளிக்கிழமை பேசும்போது நீயே அப்பாவிடம் சொல்லிவிடு. அத்தையைத் திட்டாதே, எனக்காகத்தான் ஜெபக்கூட்டத்தன்று சாப்பிடாமல் உபவாசம் இருந்தார்.

குழந்தைகளைத் தூக்கித் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. இன்னொன்று, உன் வயதுக்காரர்களுக்கு இந்த ஊசி இல்லை, பரிசோதனைதான் என்று வீணா அக்கா சொன்னார். நீ ஒரு தடவையாவது செய்திருக்கிறாயா? உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன், இருந்தாலும் நீ போய்ப் பார்த்துவிடு அம்மா. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அன்பு மகள்,
ஜெமிமா